பொட்டலத்தின் மேல் வசனம் வேண்டாம்

ராயபுரம்,
சென்னை – 13

அன்புள்ள டேனிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வாலிபர் ஐக்கியத்தார் சேர்ந்து நூறு பொட்டலம் சாம்பார் சாதம் கட்டி, ஆராதனை முடிந்த கையோடு புழல் கேம்ப் நிறுத்தத்திலிருந்து ஜெயில் வாசல்வரை ஜி.என்.டி. சாலையோரம் இருப்பவர்களுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசியில் ஒரு உதவியும் கேட்டிருக்கிறாய்: "பொட்டலத்து மேல ஒட்ட ஒரு நல்ல வசனம் சொல்லுங்க அத்தை, சபைப் பேரோட ஸ்டிக்கர் அடிக்கணும்." வசனம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் சொல்லப்போவதில்லை. காரணத்தை ஃபோனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்த நீளக் கடிதம். பொறுமையாகப் படி.

பசித்தவருக்குச் சோறு போடுவதில் சமையல்தான் சுலபமான பங்கு. நூறு பேருக்கு வடித்துக் கொட்ட உங்கள் அம்மாவுக்கே தெரியும். வாங்குகிறவர் அந்தச் சோற்றுக்கு ஈடாக எதையும் தராமல், தலையைக்கூடக் குனியாமல், வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தன் வழியே போகும்படி கொடுப்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். ஊழியக்காரர்கள், அரசாங்கத்தார், பணக்காரர்கள் எல்லோரும் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அங்கேதான் இடறி விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் ஞாயிறு சமைக்காதே. வெறுங்கையோடு ஊரைச் சுற்றிப் பார். காவாங்கரை, கதிர்வேடு, அப்படியே வடக்கே செங்குன்றம்வரை போ. பசி யாருக்கு என்பது சாலையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தமட்டில் தெரிந்துவிடாது. செங்குன்றத்தில் நெல் மண்டியும் வரிசையாக அரிசி ஆலைகளும் இருக்கின்றன. அந்தச் சுற்றுவட்டார ஆலைகள் சிலவற்றில்தான் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, நெல்லை அவித்துக் களத்தில் காயவைத்துக்கொண்டு, வெளியே போக அனுமதியில்லாமல் கிடந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் ஊருக்கே அரிசி ஆக்கிக் கொடுத்த கைகளுக்கு வயிறாரச் சோறு இல்லை. அப்படி மீண்டு வந்த குடும்பத்துக்கு உன் ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலத்தைவிட குடும்ப அட்டைக்கு எழுதிக்கொடுக்க ஒரு ஆள்தான் அவசரமாகத் தேவை. உங்களில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறதே, அங்கே பொட்டலத்தோடு போய் நிற்காதே. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021இல் அரசு மாற்றியது. பெயரோடு எல்லாமே மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இருப்பவர்கள் அடுப்பு வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, குடும்பம் நடத்துகிறவர்கள். அரிசியும் மாத உதவித்தொகையும் அரசு கொடுக்கிறது. அந்த வாசலில் போய்ச் சோற்றை நீட்டினால் அவர்களைப் பிச்சைக்காரர்கள் ஆக்குகிறாய். நூறு பேருக்கு அளவு பார்த்துச் சமைக்கத் தெரிந்த அம்மாக்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். அவர்களை உன் அடுப்படிக்குக் கூப்பிடு. கூலி கொடுத்துக் கூப்பிடு.

ஜெயில் வாசலையும் அப்படியே விசாரி. பூங்கா நகரில் இருந்த மத்தியச் சிறையை 2006இல் புழலுக்கு மாற்றியதிலிருந்து, உள்ளே இருப்பவரை மனு போட்டுப் பார்க்க வருகிற பெண்களும் பிள்ளைகளும் அந்தச் சாலையோரத்தில் காத்துக்கிடக்கிறார்கள். விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் பலர். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்பது நல்ல யோசனைதான். எந்தெந்தக் கிழமை மனு என்று வாசலில் கேட்டாயா? உன் ஆராதனை முடிகிற நேரமும் அவர்கள் பசிக்கிற நேரமும் ஒன்றாகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாளை மாற்றவேண்டியது நீதான்.

தமிழ்நாட்டில் பசி எங்கே இருக்கிறது என்று சிலர் உன்னிடம் கேட்பார்கள். பாதி நியாயமான கேள்வி. 2011இலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2013இல் அம்மா உணவகம் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். பள்ளியில் மதியச் சோறு உண்டு, 2022இலிருந்து காலைச் சிற்றுண்டியும் உண்டு. இத்தனையையும் தாண்டிப் பசியோடு இருப்பவர் யார் என்று யோசித்தால் உன் ஊழியத்தின் முகவரி தெரிந்துவிடும். அட்டை வாங்க விலாசம் இல்லாதவர். அரிசி இருந்தும் அடுப்பு இல்லாதவர். அடுப்பு இருந்தும் எழுந்து வடிக்க உடம்பில் தெம்பில்லாத கிழவி. ஊரில் அட்டை வைத்துவிட்டு இங்கே மூட்டை தூக்க வந்த வடக்கத்திப் பையன், அதுவும் கூலி தள்ளிப்போன வாரத்தில். அப்புறம், ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள். திங்கள் முதல் வெள்ளிவரை பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஞாயிறு மதியம் யார் போடுகிறார்கள்? நீ ஞாயிறைத் தேர்ந்தெடுத்தது ஆராதனைக்காக. அந்தப் பிள்ளைகளுக்காகவும் அது பொருந்திவிடுகிறது.

இனி கொஞ்சம் பழைய கதை. நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் சுற்றுப்பட்டு ஊர்கள் பாழாகி, ஜனங்கள் சோற்றுக்காகப் பட்டணத்தில் வந்து விழுந்தபோது, 1782இல் அங்கே கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பெயர். கஞ்சிக்கு வருகிறவர் நோயையும் சுமந்துகொண்டுதான் வருவார். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கேயே ஒரு மருத்துவமனை தொடங்கினார். இன்றைய ஸ்டான்லிக்கு வேர் அந்தக் கஞ்சிதான். சோறு கொடுக்கப் போகிறவன் புண்ணுக்குக் கட்டுத்துணியும் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதை இந்த ஊர் அப்போதே கண்டுகொண்டது.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். அப்போது பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, செலவைக் குறைக்கவேண்டும் என்று, நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது, ஜனங்கள் மெலிந்து சாகிறார்கள் என்று விடாமல் சண்டை போட்டார். பிறகு சென்னை அரசு அளவை உயர்த்தவேண்டி வந்தது. உதவி செய்கிறவர் தன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சாப்பாட்டு அளவைத் தீர்மானிக்கக் கூடாது, சாப்பிடுகிறவர் உடம்பைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது. "நூறு பொட்டலம் வரணும்" என்பதற்காக ஒரு கரண்டி குறைப்பவர்களும் டெம்பிள் துரையின் பிள்ளைகள்தான்.

அதே பஞ்சத்தில்தான் நான் சொல்ல வந்த ஆள் வருகிறார். உன் வீட்டைத் தாண்டிப் போகிற ஜி.என்.டி. சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் நெல்லூருக்கு அப்பால் ஓங்கோல் வரும். அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணம்தான். அங்கே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளௌ என்பவர் 1866இலிருந்து ஊழியம் செய்துவந்தார். அவர் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள்; செருப்புத் தைக்கிற, ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட ஜனங்கள். பஞ்சம் வந்தபோது முதலில் செத்து விழுந்தவர்களும் அவர்களே. கிளௌ ஊழியத்துக்கு வரும் முன்பு நில அளவை வேலை பார்த்தவர். சங்கிலி பிடிக்கத் தெரியும், மண் கணக்குத் தெரியும். அரசாங்கம் பஞ்ச வேலையாக பக்கிங்காம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. எண்ணூரில் நீ பார்க்கிறாயே, கறுப்பாக ஓடுகிற அதே கால்வாய். அதில் மூன்றரை மைல் நீளத்தைத் தானே குத்தகைக்கு எடுத்தார்.

ஏன் எடுத்தார் என்று பார். மற்ற பஞ்ச வேலை இடங்களில் மேஸ்திரிகள் இந்த ஜனங்களைக் கேவலமாக நடத்தினார்கள். சாதியைக் காட்டித் துரத்தினார்கள், கூலியைப் பிடித்தார்கள். கிளௌ தம் உபதேசிமார்களையே மேற்பார்வையாளர்களாக வைத்தார். குடிசைகள் போட்டார், கிணறு வெட்டினார், கூலியை நேரத்துக்குக் கொடுத்தார். பிச்சை போடவில்லை, வேலை கொடுத்தார். சாயங்காலங்களில் அந்த உபதேசிகள் ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார்கள் என்பதும் உண்மை. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளௌ மறுத்துவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஓராண்டுக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பசிக்காக வருகிறார்களா விசுவாசத்துக்காக வருகிறார்களா என்று தனக்கே தெரியாதபோது தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று இருந்தார். மழை பெய்து, விளைச்சல் வந்து, நிவாரணப் பணம் கொடுப்பதை நிறுத்தி, இனி எதுவும் கிடைக்காது, ஊருக்குப் போங்கள் என்று சொன்ன பிறகுதான் ஞானஸ்நானத்தைத் திரும்பத் தொடங்கினார். அப்படியும் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றில், ஒரே நாளில் 2,222 பேர். இரண்டிரண்டு போதகர்களாக மாற்றி மாற்றி இறங்கிக் கொடுத்தார்கள்.

மிஷன் சரித்திரங்களில் அந்த 2,222ஐத்தான் பெரிதாகப் போடுவார்கள். நான் பெரிதாகப் போடுவது அதற்கு முந்தைய ஓராண்டை. எண்ணிக்கை காட்டினால் அமெரிக்காவிலிருந்து பணம் வரும் என்று தெரிந்தும் எண்ணாமல் இருந்தாரே, அந்த ஓராண்டு. அப்படியும் கிளௌவை விமர்சித்தார்கள், அரிசிக்காக வந்த கூட்டம் என்றார்கள். அந்த விமர்சனத்தை நானும் முழுசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வருஷம் உயிரைக் காப்பாற்றிய மனுஷன் முகத்தைப் பார்த்து "உங்கள் சாமி எனக்கு வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? காத்திருந்ததால் கடன் குறையும், அடியோடு தீர்ந்துவிடாது. மறுபக்கமும் இருக்கிறது. செருப்புக்கும் கீழாக நடத்தப்பட்ட ஜனங்கள் தங்களை மனுஷராக நடத்திய இடத்துக்குப் போனார்கள் என்றால், அதை வயிற்றுக்கணக்கு என்று மட்டும் சொல்வதும் அவர்களுக்குச் செய்கிற அவமானம்தான். இரண்டையும் நீ மனசில் வைத்துக்கொள்.

அயர்லாந்திலும் இதே பாடம். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, சூப் வேண்டுமென்றால் எங்கள் சபைக்கு வா, எங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பு என்று சில ஊழியக்காரர்கள் நிபந்தனை போட்டார்கள். அந்தச் சூப்பைக் குடித்த குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஊரார் ஏளனம் செய்தார்கள். அதே பஞ்சத்தில் குவேக்கர்கள் எதையும் கேட்காமல் ஊற்றினார்கள். இன்றுவரைக்கும் அந்த நாட்டில் குவேக்கர்களுக்கு நல்ல பெயர்.

நம் ஊரிலும் இந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை, சும்மா போகவும் போகாது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ஆசை காட்டி மாற்றுவதும் அதில் குற்றம். 2004இல் திரும்பப் பெற்றார்கள். சட்டம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலத்தை ஒரு இந்துத் தாய் கையில் கொடுக்கும்போது அவள் முதலில் அந்த எழுத்தைப் பார்ப்பாள், அப்புறம் உன் முகத்தைப் பார்ப்பாள், இதற்கு என்ன கேட்பானோ என்று யோசிப்பாள். அந்த ஒரு நொடி யோசனையை அவள் மேல் சுமத்தாதே. மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்துப் பார். பசித்தவருக்குக் கொடுத்தவர்களுக்கு, தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்பதே அங்கே தெரியவில்லை. எப்போது கொடுத்தோம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஸ்டிக்கர் அடித்தவன் அப்படிக் கேட்க முடியாது. அவனிடம் பில் இருக்கும்.

கைப்பிரதியும் வேண்டாம், கொடுப்பதற்கு முன் ஜெபமும் வேண்டாம். ஜெபம் அடுப்படியில் பண்ணுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். சாப்பிட உட்கார்ந்தவரைக் கைகூப்பவைத்துக் காத்திருக்கவைக்காதே. யாராவது தானாக "நீங்கள் யார், ஏன் செய்கிறீர்கள்" என்று கேட்டால் சொல்லு. ஒளிக்கவேண்டியதில்லை. கிறிஸ்தவன் என்று சொல்ல வெட்கப்படுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போட்டோவும் அப்படித்தான். ஸ்டிக்கரை விட்டாலும் செல்போனை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சபை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும், காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்பாய். அண்டாவைப் படம் எடு. காய் நறுக்குவதை எடு. வாங்குகிறவர் முகத்தை எடுக்காதே. அவருடைய பிள்ளை ஒரு நாள் வேலைக்குப் போய் உன் பக்கத்து மேஜையில் உட்காரலாம்.

வரிசையில் நிற்கவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது இயேசு ஜனங்களை வரிசையில் நிறுத்தவில்லை. புல்லில் பந்தியாக உட்காரவைத்தார். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் விருந்தாளி. நின்று கை நீட்டுகிறவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. சாலையோரத்தில் முடியாது என்பாய். ஒரு பாய், ஒரு மர நிழல், தண்ணீர்ச் சொம்பு இருந்தால் முடியும். பத்து பேரானாலும் உட்காரவைத்துப் போடு.

ஆரம்ப காலச் சபையில் வந்த முதல் பெரிய சச்சரவே சாப்பாட்டைப் பற்றித்தான், தெரியுமா? அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசுகிற விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைப் பொறுப்பாக நியமித்தார்கள். அந்த ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை வந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். உன் குழுவிலும் அப்படி ஒருவர் வேண்டும். சாலையோரத்தில் வாழ்ந்து பழக்கமுள்ள ஒரு அக்காவோ அண்ணனோ, யார் வரவில்லை, யார் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், எந்தக் குடிகாரன் இரண்டு தரம் வாங்கினாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஆள். பி.இ. படித்த உங்களுக்கு அது தெரியாது.

யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற விஷயத்தை நம் சபைகள் சுலபமாகக் கடந்துவந்ததாக நினைக்காதே. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டு ஏழைகளைப் பட்டினி போட்டதற்காக பவுல் திட்டி எழுதினார். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், சாதி பார்ப்பதில்லை என்பதற்கு அடையாளமாக எல்லோரும் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்றபோது உபதேசிமார்களிலேயே பலர் மறுத்து விலக நேர்ந்தது. ஞானஸ்நானம் வாங்கியவர்கள், பிரசங்கம் பண்ணுகிறவர்கள், ஒரு பந்தியில் உட்கார முடியவில்லை! நம் ஊர்ப் பக்கம் நடக்கிற அசனத்தை உன் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். எல்லா வீட்டிலிருந்தும் அரிசியும் காசும் சேர்த்து, பெரிய அண்டாக்களில் பொங்கி, ஊரே வந்து சாப்பிடும். அசனச் சோற்றுக்குத் தனி ருசி. வாலிபர் ஐக்கியமும் அந்தப் பாயில் உட்கார்ந்து அதே சாம்பார் சாதத்தைச் சாப்பிடவேண்டும். நீங்கள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டால், அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா?

நம் வடசென்னையிலேயே உனக்கு முன்மாதிரிகள் உண்டு. வியாசர்பாடியில் மந்தோவானி என்ற இத்தாலியச் சலேசியக் குரு 1960களில் ஏழைகள் நடுவில் போய் உட்கார்ந்தார். பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் வந்து அந்தப் பகுதியில் குடியேறிக்கொண்டிருந்த காலம். பியாட்டிட்யூட்ஸ் என்று அவர் தொடங்கிய இல்லத்தில் முதியோர், தொழுநோயாளிகள், அநாதைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் இருந்தது. 1967இல் அவர் இறந்துபோனார், வேலை நிற்கவில்லை. அடுத்தடுத்த சலேசியர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ராயபுரத்தில் அன்னை தெரசாவின் சகோதரிகள் இல்லம் இருக்கிறது. இவர்களிடம் எனக்குப் பிடித்தது, நாளைக்கும் அங்கேயே இருப்பார்கள் என்பதுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்து கொட்டிவிட்டுப் போகிற லாரியை யாரும் நம்பி இருக்க முடியாது. எனவே நூறு என்று ஆரம்பிக்காதே. இருபது பேருக்கு ஆரம்பி. பரீட்சை வாரத்திலும் மழையிலும் உன்னால் நிறுத்தாமல் கொடுக்கக்கூடிய எண்ணிக்கை எதுவோ அதுதான் உன் எண்ணிக்கை.

நம் மதத்துக்காரர்கள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்ற நினைப்பும் வரக்கூடாது. ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார் 1867 மே 23இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். சாதி, மதம் எதையும் கேட்காமல் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உன் குழு ஒரு தடவை வடலூர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பரிமாறுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி அடுப்படி விஷயம். உன் திட்டத்தில் காலை 8 மணிக்குப் பொட்டலம் கட்டி, ஆராதனை முடிந்து மதியம் ஒன்றரைக்குக் கொடுப்பதாக இருக்கிறது. இது ஆபத்து. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் முளைத்து விஷத்தைக் கக்கும்; அப்புறம் சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. வெந்த சோற்றை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லாவிட்டால் சீக்கிரம் கொடுத்துவிடு. நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. சென்னை வெயிலில் நான் இரண்டு மணி என்றுதான் சொல்வேன். இலையில் கட்டி மூடிய பொட்டலம்தான் மோசமான இளஞ்சூடு. ஆகவே பொட்டலத்தையே விட்டுவிடு. ஆராதனை நேரத்தில் இரண்டு பேர் அடுப்படியில் இருக்கட்டும். அதுவும் ஆராதனைதான், போதகர் ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆவி பறக்க அண்டாவோடு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய், தட்டில் போடு. தட்டுக் கழுவ ஆள் போடு. ஸ்டிக்கர் ஒட்ட இடமும் இருக்காது!

அப்படியும் சிலருக்குக் கட்டிக் கொடுக்கவேண்டி வரும். எழுந்து வர முடியாதவர்கள். அவர்களுக்குப் புளிச்சோறு கட்டு. செய்தித்தாளில் கட்டாதே, மை ஒட்டும். ரப்பர் பேண்டு போடாதே. தொழுநோயில் விரல் மழுங்கியவர்கள் அதைக் கழற்ற முடியாமல் பல்லால் கடிப்பார்கள். இலையை மடித்துச் செருகினால் போதும். ஆளுக்கு ஒரு அவித்த முட்டை கட்டாயம். முட்டைக்குக் காசில்லை என்றால் இனிப்பை நிறுத்து. பல் இல்லாதவர்களுக்குக் காயைக் குழைய வேகவை. காரம் உன் வீட்டு அளவில் பாதி போதும். வெறும் வயிற்றில் காரம் எரியும். தண்ணீர் மறக்காதே, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரை மறந்து போகிறவர்களே அதிகம்.

வார்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடு. 2020 ஊரடங்கில் தனியார் நேரடியாக உணவு கொடுக்கக்கூடாது என்று ஏப்ரலில் அரசு அறிவித்ததும், உயர்நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்ததும் நினைவிருக்கும். அதிகாரிகளோடு முன்கூட்டியே பேசிப் பழகிய குழுக்களுக்குத்தான் அந்த மாதிரிச் சமயத்தில் வழி கிடைக்கும்.

பணம். அமெரிக்காவில் இருக்கிற உன் சித்தப்பா அனுப்புகிறேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடமிருந்து குழுவின் பெயரில் பணம் வாங்கச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். அன்னை தெரசாவின் சகோதரிகளுக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான பதிவைப் புதுப்பிக்க மறுத்து, இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார்கள். சட்டத்தை விட்டாலும், புழலில் சாப்பிடுகிறவருக்குப் புழலில் இருக்கிறவர் அரிசி கொடுத்தால்தான் நாளைக்கு ஒருவரையொருவர் தெருவில் பார்த்துச் சிரிப்பார்கள். சபையில் வீட்டுக்கு ஒரு படி அரிசி கேளு. வரவு செலவை மாதா மாதம் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டு, பத்து ரூபாய்த் தீப்பெட்டிவரைக்கும். அங்கே எத்தனை வசனம் வேண்டுமானாலும் எழுதிக்கொள், யார் தடுக்கப்போகிறார்கள்.

என் பரணில் இரண்டு பித்தளை அண்டா சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போ. ஆனால் உள்ளே ஈயம் தேய்ந்திருக்கிறது. புளி ஊற்றிய சாம்பாரை அப்படியே கொதிக்கவைத்தால் களிம்பு ஏறிவிடும். முதலில் ஈயம் பூசக் கொடுக்கவேண்டும். இப்போது அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் விசாரித்துவைக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வா, தூக்க இன்னொரு பையனையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
செல்வி அத்தை